ஐந்து வயது ஆகாத பேரனுக்கு அபராதமா?

போன வருஷம் ஐப்பசி மாதம். பேரனுக்குக் காதில் சீழ் வடிந்துகொண்டே இருந்தது. மகளுக்கோ கையில் மூன்று மாதக் குழந்தை. "நீ இரு, நான் கூட்டிப்போய்க் காட்டிட்டு வரேன்" என்று கிளம்பிவிட்டேன். திருப்புலிவனத்திலிருந்து செங்கல்பட்டு வரை பஸ், அங்கிருந்து சென்னைக்கு ரயில். எனக்கு மட்டும் டிக்கெட் வாங்கினேன். பேரனுக்கு அப்போது நாலு வயது ஏழு மாதம். ஐந்து வயது நிரம்பாத குழந்தைக்கு ரயிலில் டிக்கெட் கிடையாது என்பது நமக்கெல்லாம் தெரிந்ததுதானே?

ஆனால் பையன் எங்கள் வீட்டு வாகு. வயதுக்கு மீறிய வளர்த்தி! இறங்கிய இடத்தில் டிக்கெட் பரிசோதகர் நிறுத்தினார். (எந்த ஸ்டேஷன், யார் என்பதெல்லாம் வேண்டாம்.)

"பையனுக்கு டிக்கெட் எங்கேம்மா?"

"அஞ்சு முடியலீங்க சார்."

"ஏழு வயசுப் பையன் மாதிரி இருக்கான். அத்தாட்சி இருக்கா?"

என்னிடம் என்ன இருந்தது? ஒரு தண்ணீர் பாட்டில், இரண்டு இட்லிப் பொட்டலம், மருந்துக்கென்று முடிந்து வைத்திருந்த பணம். அவ்வளவுதான். 250 ரூபாய் அபராதமும் அரை டிக்கெட் காசும் எடுத்து நீட்டினேன். சுற்றிலும் ஜனங்கள் வேடிக்கை பார்த்தார்கள். பக்கத்தில் நின்ற பூக்காரம்மா ஒருத்தி, "ரசீது வாங்கிக்கம்மா. அதுல பையனுக்கு எத்தனை வயசுன்னு அவரு போடறாரோ, அதையும் எழுதச் சொல்லு" என்று மெதுவாகச் சொன்னாள். புண்ணியவதி! அந்த ஒரு வார்த்தைதான் பின்னால் என்னைக் காப்பாற்றியது.

வெளியே வந்ததும் பேரன் என் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு கேட்டான்: "ஆயா, நாம திருடிட்டோமா?"

பணம் போனது கூடப் பெரிதாகத் தோன்றவில்லை. இந்தக் கேள்விதான் நெஞ்சில் முள்ளாகத் தைத்தது.

வீட்டுக்கு வந்து சொன்னேன். "போனது போகட்டும், இதுக்குப் போய் யாரு அலையறது?" என்றார் இவர். எனக்கு மனசு ஆறவில்லை. எங்கள் பக்கத்து ஊர் உத்திரமேரூர். பராந்தக சோழன் காலத்தில், கணக்குக் காட்டாதவர் ஊர்ச் சபையில் உட்காரக் கூடாது என்று கல்லிலே வெட்டி வைத்த ஊர். ஆயிரத்து நூறு வருஷமாக அந்த எழுத்து நிற்கிறது. நாமும் எழுதித்தான் பார்ப்போமே என்று உட்கார்ந்துவிட்டேன்.

முதலில் சட்டம் என்ன சொல்கிறது என்று தெரிந்துகொண்டேன். 1989-ம் வருஷத்து ரயில்வே சட்டத்தில் 138-வது பிரிவுதான் இந்த அபராதத்துக்கு ஆதாரம். டிக்கெட் இல்லாமல் பயணம் செய்தால் கட்டணத்தோடு, அதே அளவு தொகையோ 250 ரூபாயோ, எது அதிகமோ அதைக் கூடுதலாகக் கட்ட வேண்டும். கட்ட மறுத்தால் மாஜிஸ்திரேட் முன் கொண்டுபோகலாம். அதனால் அந்த இடத்தில் நின்று சண்டை போடுவதை விட, கட்டிவிட்டு ரசீதோடு வந்து முறையிடுவது நமக்கு நல்லது. வேண்டுமென்றே ஏமாற்றிப் பயணம் செய்வது வேறு குற்றம். அது 137-வது பிரிவு, அதற்கு ஜெயில் கூட உண்டு.

பிறகு காகிதங்களைச் சேர்த்தேன். என் டிக்கெட்டைத் தூக்கிப் போடாமல் பர்ஸில் வைத்திருந்தேன். அபராத ரசீதில் '7 வயது' என்று இருந்தது. அன்றைக்கு ஆஸ்பத்திரியில் போட்ட ஓ.பி. சீட்டில் பேரன் பெயர், வயது, தேதி எல்லாம் இருந்தன. பிறப்புச் சான்றிதழ் மகள் பீரோவில் பத்திரமாக இருந்தது. நான்கையும் நகல் எடுத்து, ஒரு பக்கத்துக்கு மிகாமல் கடிதம் எழுதி, ரயில்வேயின் கோட்ட வணிக மேலாளர் அலுவலகத்துக்குப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். அழுகை, புலம்பல் எதுவும் எழுதவில்லை. தேதி, ரயில், ரசீது எண், பையனின் பிறந்த தேதி, திருப்பித் தர வேண்டிய தொகை. இவ்வளவுதான்.

ஒரு மாதம் கழித்துப் பதில் வந்தது: 'பரிசோதனையின்போது அத்தாட்சி காட்டவில்லை, எனவே இயலாது.' இவர் சிரித்தார். நான் விடவில்லை. 'அத்தாட்சி கையில் இல்லாதது என் தவறுதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் டிக்கெட் வேண்டுமா, வேண்டாமா என்பதைத் தீர்மானிப்பது குழந்தையின் வயது அல்லவா? அன்று அவனுக்கு ஐந்து முடியவில்லை என்பதற்குச் சான்றிதழ் இதோ' என்று மறுபடி எழுதினேன். ஆறு வாரம் கழித்துப் பணம் என் பாங்க் கணக்கில் வந்து சேர்ந்தது!

லண்டனில் இருக்கும் என் நாத்தனார் மகளிடம் போனில் இதைச் சொன்னேன். அங்கே 2023 ஜனவரி முதல் ரயில் அபராதம் 100 பவுனாம், டிக்கெட் காசு தனி! 21 நாளுக்குள் கட்டினால் பாதி. மேல்முறையீட்டையும் அந்த 21 நாளுக்குள் செய்ய வேண்டும். மூன்று கட்டம் வரை முறையிடலாமாம்.

நம் தேசத்திலும் பிடிவாதக்காரர்கள் உண்டு. மதுராவில் ஒரு வக்கீலிடம் 1999-ல் டிக்கெட் கவுன்ட்டரில் 20 ரூபாய் அதிகமாக வாங்கிவிட்டார்கள். அவர் நுகர்வோர் கோர்ட்டுக்குப் போனார். 22 வருஷத்துக்கு மேல் நடந்த வழக்கு, 2022-ல் அவர் பக்கம் தீர்ப்பானது. 20 ரூபாயை வட்டியோடு தரவும், மேற்கொண்டு 15,000 ரூபாய் கொடுக்கவும் உத்தரவு! நமக்கு அத்தனை பொறுமை வேண்டாம். இரண்டு கடிதம் எழுதும் பொறுமை போதும்.

சகோதரிகளே, குழந்தையோடு கிளம்பும்போது இவற்றை நினைவில் வையுங்கள்:

1. குழந்தையின் பிறப்புச் சான்றிதழ் நகலைக் கைப்பையில் வையுங்கள். வளர்த்தியான குழந்தை என்றால் கட்டாயம் வேண்டும்.

2. ரயிலில் ஐந்து முதல் பன்னிரண்டு வயதுக்குள் அரை டிக்கெட். ரிசர்வேஷனில் குழந்தைக்குத் தனி பெர்த் கேட்டால், 2016 ஏப்ரலிலிருந்து முழுக் கட்டணம்.

3. டிக்கெட் வாங்க நேரமில்லையா? ஏறுவதற்கு முன்பே ரயில்வே ஊழியரிடம் சொல்லி, அனுமதிச் சான்று எழுதி வாங்குங்கள். அது கையில் இருந்தால் டிக்கெட் காசு மட்டும்தான், அபராதம் கிடையாது.

4. ஆண் துணையில்லாமல் வரும் பெண்ணையோ குழந்தையையோ டிக்கெட் இல்லை என்று கண்ட இடத்தில் இறக்கிவிட முடியாது. ஏறிய ஸ்டேஷன், ஜங்ஷன், கடைசி ஸ்டேஷன், மாவட்டத் தலைநகர் ஸ்டேஷன், இவற்றில்தான் இறக்கலாம். அதுவும் பகலில் மட்டும். இது 139-வது பிரிவு. ராத்திரியில் யாராவது மிரட்டினால் தைரியமாகச் சொல்லுங்கள். ரயில்வே உதவி எண்ணும் 139-தான். ஞாபகம் வைப்பது சுலபம்.

5. தமிழ்நாட்டு அரசு பஸ்களில் 2022 முதல் ஐந்து வயது வரை குழந்தைக்கு டிக்கெட் இல்லை. சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் 2021 மே 8 முதல் பெண்களுக்கு இலவசம். இலவசம்தானே என்று சும்மா உட்காராமல், அந்தக் கட்டணமில்லா டிக்கெட்டையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

6. ரசீது இல்லாமல் ஒரு ரூபாய் கூடக் கொடுக்காதீர்கள்.

பணம் வந்த அன்று பேரனைக் கூப்பிட்டு மடியில் உட்கார வைத்துக்கொண்டேன். "கண்ணு, நாம திருடலை. அவங்க தப்பா நெனச்சிட்டாங்க. நாம எடுத்துச் சொன்னோம், திருப்பிக் குடுத்துட்டாங்க" என்றேன்.

அவன் கொஞ்சம் யோசித்துவிட்டு, "அப்போ அந்த மாமாகிட்டயும் சொல்லிடு ஆயா" என்றான்.