குளிர்காலத்தைச் சேமித்து வைக்கும் ஏரிக்கரை

அமெரிக்காவின் வடகிழக்கு மூலையிலே, நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில், பாஸ்டன் நகரிலிருந்து மோட்டாரில் புறப்பட்டால் ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தில் எட்டிவிடக்கூடிய தூரத்தில், பைன் மரங்களும் மேப்பிள் மரங்களும் அடர்ந்த சிறு மலைகளுக்கு நடுவே, ஸ்குவாம் என்னும் ஏரி பரந்து கிடக்கிறது. 6,700 ஏக்கருக்கு மேற்பட்ட விஸ்தீரணமும், முப்பது அளவில் தீவுகளும், தெளிந்த குளிர்ந்த நீரும் கொண்ட அந்த ஏரியின் பெரும்பகுதிக் கரையில் வீடுகள் மரங்களுக்குப் பின்னே ஒதுங்கி நிற்கின்றனவே தவிர, மரங்களை விலக்கிக்கொண்டு முன்னே வந்து நிற்பதில்லை. ஹென்றி ஃபோண்டாவுக்கும் காதரின் ஹெப்பர்னுக்கும் ஆஸ்கார் பரிசு பெற்றுத் தந்து 1981-ல் வெளிவந்த ‘ஆன் கோல்டன் பாண்ட்’ என்னும் திரைப்படம் இந்த ஏரியில்தான் எடுக்கப்பட்டது என்று சொன்னால், படம் பார்த்தவர்களுக்கு இதன் சாயல் ஓரளவு நினைவுக்கு வரும்.

இந்த ஏரிக்கரையில் நூறு ஆண்டுகளுக்கு மேலாக நடந்துவரும் ஒரு கோடைவாச ஸ்தலத்துக்கு ராக்கிவோல்ட் டீப்ஹேவன் என்று பெயர். இரட்டைப் பெயராக இருப்பதற்குக் காரணம், ஆதியில் அவை இரண்டு தனித்தனி முகாம்களாகத் தோன்றியவை என்பதே. டீப்ஹேவனை 1897-ல் தொடங்கியவர் ஆலிஸ் மேபல் பேக்கன் என்னும் ஆசிரியை. இவருடைய தகப்பனார் ஒரு பிரசித்தி பெற்ற பாதிரியார். கல்வி கற்பதற்காக ஜப்பானிய அரசாங்கம் கடல் கடந்து அனுப்பிய சிறுமிகளில் ஒருத்தியான ஸுதேமாட்ஸு அந்தப் பாதிரியாரின் இல்லத்திலேயே வளர்ந்தாள். அப்படிக் கூடப்பிறந்தவள் போலப் பழகிய தோழியின் தேசத்தைப் பார்க்க வேண்டும் என்ற ஆவலோடு 1888-ல் ஜப்பானுக்குச் சென்று, அங்கே பிரபுக்கள் வீட்டுப் பெண்களுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்துத் திரும்பிய பேக்கன் அம்மையார், ஜப்பானியப் பெண்களின் வாழ்க்கையைப் பற்றி எழுதிய நூல் 1891-ல் வெளிவந்து அந்நாளில் பலராலும் வாசிக்கப்பட்டது. பக்கத்து நிலத்தில் ராக்கிவோல்டை ஏற்படுத்தியவர், கறுப்பின மக்களின் கல்விக்காக ஹாம்ப்டன் கல்வி நிலையத்தை ஸ்தாபித்த ஜெனரல் ஆர்ம்ஸ்ட்ராங்கின் மனைவியான மேரி ஆலிஸ் ஆர்ம்ஸ்ட்ராங். இவ்விரு மாதரும் பணக்காரர்களுக்காக ஒரு மாளிகையைக் கட்ட நினைக்கவில்லை; படிப்பிலும் பொதுக்காரியங்களிலும் உழைத்துக் களைத்தவர்கள், காட்டுக்கும் நீருக்கும் நடுவே, குறைந்த சாமான்களோடு சில வாரங்கள் தங்கிப் போக ஓர் இடம் வேண்டும் என்றுதான் நினைத்தார்கள். அந்த நினைப்பு இன்றளவும் அங்கே பழுதுபடாமல் இருக்கிறது என்பதைத்தான் நான் முக்கியமாகச் சொல்ல விரும்புகிறேன்.

அங்கே போய் இறங்குகிற விருந்தினருக்குப் பெரிய கட்டடம் ஒன்றும் தென்படுவதில்லை. ஏறக்குறைய அறுபது மரக்குடில்கள் கரையோரமாகச் சிதறிக் கிடக்கின்றன. ஒவ்வொன்றிலும் கல் அடுக்கிக் கட்டிய கணப்பு, அதற்கு வேண்டிய விறகு, ஏரியை நோக்கிய ஒரு தாழ்வாரம் ஆகியவை உண்டு. கீழே இறங்கினால் படகுத்துறை. தொலைக்காட்சி கிடையாது. சமையலறையும் கிடையாது, மூன்று வேளையும் பொதுச் சாப்பாட்டு மண்டபத்துக்கு மணியோசை கேட்டுப் போக வேண்டியதுதான். வாரம் என்பதே அங்கே காலத்தின் அளவை. சனிக்கிழமை வந்து அடுத்த சனிக்கிழமை விடைபெறுகிறவர்கள், வந்த மறுநாளே கைக்கடிகாரத்தைக் கழற்றி வைத்துவிட்டாலும் நஷ்டம் ஒன்றுமில்லை.

காலையில் துடுப்புப் படகை எடுத்துக்கொண்டு தீவுகளுக்கிடையே போய் வருவதும், பகலில் துறைப்பலகையிலிருந்து நீரில் குதிப்பதும், மாலையில் பக்கத்திலுள்ள ராட்டில்ஸ்நேக் குன்றின்மேல் ஏறுவதும் பொதுவான பொழுதுபோக்குகள். குன்று பெரியதன்று, ஒரு மைல் தூரம் நடந்தால் உச்சிப் பாறை வந்துவிடும். ஆயினும் அந்தப் பாறையில் உட்கார்ந்து பார்த்தால் ஏரி முழுவதும், தீவுகளோடும் முனைகளோடும், படம் விரித்தாற்போலக் கீழே தெரியும். பாட்டியின் கையைப் பிடித்துக்கொண்டு முதன்முதலில் ஏறிய குழந்தை, தன் பேரனின் கையைப் பிடித்துக்கொண்டு அதே பாதையில் ஏறுவது அங்கே அதிசயமான செய்தி அல்ல.

ஞாயிற்றுக்கிழமைகளில் சொக்கோருவா என்னும் தீவுக்குப் படகுகள் வரிசையாகப் போகும். 1881-ல் எர்னஸ்ட் பால்ச் என்னும் இளைஞர், வசதி மிகுந்த வீட்டுப் பையன்கள் கோடை விடுமுறையை வீணே கழிப்பதைக் கண்டு வருந்தி, அவர்களைத் தாமே சமைத்துத் தாமே படகு வலித்து வாழப் பழக்குவதற்காக ஒரு முகாம் அமைத்தது இந்தத் தீவில்தான். அமெரிக்கச் சிறுவர் முகாம்களின் மூதாதை என்று அதைச் சொல்வார்கள். முகாம் சில ஆண்டுகளிலேயே மறைந்துவிட்டது. ஆனால் மரங்களுக்கடியில் கல்லால் அமைந்த பலிபீடமும், பிர்ச் மரத்தாலான சிலுவையும், திறந்தவெளியில் இட்ட ஆசனங்களும் இருக்கின்றன. சுவரும் கூரையும் இல்லாத அந்தக் கோயிலில் கோடைதோறும் வழிபாடு நடக்கிறது.

இனி, இந்த இடத்துக்கே உரிய விசேஷத்துக்கு வருகிறேன். குடில்களில் மின்விளக்கு உண்டு, குழாய் நீர் உண்டு. ஆனால் பாலையும் பழத்தையும் குளிர்ச்சியாக வைத்துக்கொள்ள அங்கே இருப்பது பழைய காலத்து ஐஸ் பெட்டி. கனத்த மரக்கதவும் பித்தளைத் தாழ்ப்பாளும் கொண்ட அலமாரி அது. பனிக்கட்டியை வைக்க அதற்கென்று ஓர் அறை. கட்டியைத் தழுவிக் குளிர்ந்த காற்று கனத்துக் கீழே இறங்க, அங்கே வைத்த பண்டம் குளிர்கிறது. உருகிய நீர் சொட்டுச் சொட்டாக வடிகிறது. காலையில் பணியாளாக வந்திருக்கும் மாணவன் ஒருவன் இரும்பு இடுக்கியால் ஒரு கட்டியைக் கவ்வித் தூக்கிக்கொண்டு வந்து, ஒட்டியிருக்கும் மரத்தூளை நீர் விட்டுக் கழுவிப் பெட்டிக்குள் இறக்கிவிட்டுப் போவான். ஜூலை மாதத்து வெயிலில் அந்தக் கட்டியைக் கூர்ந்து பார்த்தால், மேற்புறத்தில் சற்றே வெளுத்தும், கீழே வரவரக் கண்ணாடியாகத் தெளிந்தும், இடையிடையே நூலிழை போன்ற காற்றுக் குமிழிகள் நின்றபடி உறைந்தும் இருப்பது தெரியும். அது எந்தத் தொழிற்சாலையிலும் செய்ததன்று. ஆறு மாதத்துக்கு முன்பு, எதிரே அலையடித்துக் கொண்டிருக்கும் இதே ஏரியிலிருந்து அறுத்து எடுத்து வைத்தது.

அந்த அறுவடையைப் பற்றிச் சொல்லாமல் விருந்தினரின் அனுபவத்தைச் சொல்லி முடிக்க இயலாது. நீருக்கு ஒரு விசித்திர குணம் உண்டு. நான்கு டிகிரி வெப்பத்தில்தான் அது மிகக் கனமாக இருக்கிறது. அதற்குக் கீழே குளிர்ந்தால் இலேசாகி மேலே வந்துவிடுகிறது. ஆகையால் ஏரி மேலிருந்து கீழ்நோக்கி உறைகிறது. மீன்கள் அடியில் பிழைத்துக்கொள்கின்றன. மேலே மனிதர் நடமாடத் தளம் கிடைக்கிறது. ஜனவரி, பிப்ரவரி மாதங்களில் அந்தத் தளம் ஓரடி கனத்துக்கு மேல் ஏறியதும், கூட்டமாகச் சென்று, மேலே படிந்த வெண்பனியை வாரித் தள்ளி, சறுக்கு வண்டியில் பூட்டிய வட்ட ரம்பத்தால் சதுரம் சதுரமாகக் கோடிழுத்து அறுத்து, நீண்ட கழிகளில் செருகிய கொக்கிகளால் கட்டிகளை நீர்க்கால்வாய் வழியே மிதக்க விட்டுக் கரையேற்றுகிறார்கள். ஒவ்வொரு கட்டியும் ஐம்பது அறுபது கிலோ நிறை இருக்கும்; மொத்தம் சுமார் 200 டன் சேரும். அவற்றை இரண்டு பனிக்கட்டிக் கொட்டகைகளில் இடைவெளியில்லாமல் அடுக்கி, சுற்றிலும் மரத்தூளைக் கொட்டி மூடிவிடுகிறார்கள். ஒரு கிலோ பனிக்கட்டி உருகுவதற்கு உட்கொள்ளும் உஷ்ணம், உருகிவந்த அந்த ஒரு கிலோ நீரைப் பூஜ்யத்திலிருந்து 80 டிகிரி வரை சூடேற்றப் போதுமானது. ஆகவே, மலையாகக் குவிந்த கட்டிகளுக்கு மரத்தூள் என்னும் கம்பளியும் போர்த்திவிட்டால், வெளியே வசந்தம் போய்க் கோடை வந்து அதுவும் கழிகிற வரைக்கும் உள்ளே தை மாதம் தங்கியிருப்பதில் வியப்பில்லை.

இந்தத் தொழிலோடு நம் சென்னைக்கு ஒரு பழைய சம்பந்தம் உண்டு. மின்சாரமும் குளிர்ப்பெட்டியும் இல்லாத நாளில், நியூ இங்கிலாந்தின் ஏரிகளில் அறுத்த பனிக்கட்டியை உலகெங்கும் கொண்டுபோய் விற்றவர் பாஸ்டன் வணிகர் ஃபிரெடரிக் டூடர். 1833-ல் அவருடைய சரக்கான 180 டன் பனிக்கட்டியை ஏற்றிக்கொண்டு ‘டஸ்கனி’ என்னும் கப்பல் நான்கு மாதம் கடலில் மிதந்து கல்கத்தாவை அடைந்தபோது, உருகியது போக ஏறத்தாழ 100 டன் கரையேறியது. பிறகு சென்னையிலும் அந்த வியாபாரம் நடந்தது. கடற்கரையில் அதற்காக 1842-ல் எழுந்த கட்டடத்தையே நாம் ஐஸ் ஹவுஸ் என்று இன்னும் சொல்லுகிறோம். செயற்கைப் பனிக்கட்டி செய்யும் யந்திரங்கள் வந்ததும் வியாபாரம் படுத்துவிட்டது. கட்டடம் கைமாறி வக்கீல் பிலிகிரி ஐயங்காரின் மாளிகையாயிற்று. அங்கேதான், மேல்நாட்டுப் பயணத்தை முடித்துத் திரும்பிய சுவாமி விவேகானந்தர் 1897 பிப்ரவரியில் தங்கினார். ஸ்குவாம் கரையில் டீப்ஹேவன் தொடங்கியதும் அதே ஆண்டில்தான். உலகம் ஏறக்குறைய முழுவதும் கைவிட்டுவிட்ட ஒரு தொழிலை, ஒரு கோடைவாச ஸ்தலம் தன் சொந்த உபயோகத்துக்காக மட்டும் விடாமல் காத்துவருவது எனக்கு மிகுந்த மதிப்பை உண்டாக்குகிறது.

அறுபது குளிர்ப்பெட்டிகளை விலைக்கு வாங்கிப் போட்டுவிட்டால் ஒரு வாரத்தில் எல்லாம் தீர்ந்துவிடாதா என்று வாசகர் கேட்கலாம். தீர்ந்துவிடும், ஆனால் அதோடு வேறொன்றும் தீர்ந்துபோகும். சௌகரியங்கள் பெருகப் பெருக, அவற்றின் பின்னே நிற்கும் உழைப்பு நம் கண்ணுக்கு மறைந்துபோகிறது. மறைந்துபோன பின் நன்றியும் சுருங்கிவிடுகிறது. இங்கே தங்குகிறவர் பெட்டியைத் திறக்கும்போதெல்லாம், பனியில் விறைத்த விரல்களோடு யாரோ அறுத்துத் தூக்கிய கட்டியைத்தான் பார்க்கிறார். வீட்டில் எத்தனையோ யந்திரங்களை வைத்திருக்கும் குடும்பங்கள் அவை இல்லாத இந்தக் குடில்களைத் தேடி ஆண்டுதோறும் வருவதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

இரவில் கணப்பு மூட்டிவிட்டுத் தாழ்வாரத்தில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு, ஏரியின் நடுவிலிருந்து லூன் என்னும் நீர்மூழ்கிப் பறவையின் குரல் கேட்கும். ஒருசமயம் நீண்ட ஓலமாகவும், ஒருசமயம் நடுங்கும் சிரிப்பாகவும் வரும் அந்தக் குரலை முதன்முறை கேட்பவர் திடுக்கிடாமல் இருப்பது அரிது. கறுப்பு வெள்ளைப் புள்ளியிட்ட முதுகும் சிவந்த கண்களும் உடைய இந்தப் பறவைக்குக் கால்கள் உடலின் பின்கோடியில் அமைந்திருப்பதால், நீருக்குள் மீனைத் துரத்துவதில் சமர்த்தாக இருந்தும் தரையில் சரியாக நடக்க இயலுவதில்லை. ஆகையால் நீர் விளிம்பிலேயே கூடு கட்டுகிறது. வேகமாகப் போகிற மோட்டார் படகின் ஓர் அலை போதும், முட்டைகள் அடித்துக்கொண்டு போய்விடும். தூண்டிலில் கட்டும் ஈயக் குண்டுகளை விழுங்கி மாண்ட லூன்கள் அநேகம். அதனால் நியூ ஹாம்ப்ஷயரில் சிறிய ஈயக் குண்டுகளைச் சட்டத்தால் தடுத்திருக்கிறார்கள். ஸ்குவாம் ஏரியைக் காக்க அங்குள்ளவர்கள் 1904-லேயே சங்கம் அமைத்துவிட்டார்கள். கூடு இருக்கும் இடத்தைச் சுற்றி மிதவைக் கயிறு கட்டியிருந்தால், விருந்தினரும் படகை விலக்கி ஓட்டிப் போக வேண்டும்.

கவலை தரும் செய்தியும் உண்டு. நியூ இங்கிலாந்தின் ஏரிகளில் பனித்தளம் உடைந்து கரையும் நாள், சென்ற நூற்றைம்பது ஆண்டுகளில் படிப்படியாக முன்னே வந்துவிட்டது. குளிர்காலம் இளகிப்போகும் ஆண்டுகளில் தளம் கனம் சேரத் தாமதமாகிறது. ரம்பமும் கொக்கியும் தயாராக இருக்க, வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருக்கிறது. பனிக்கட்டியின் மேல் ஆட்களும் வண்டியும் நிற்க வேண்டுமே. அவசரப்பட்டால் உயிருக்கு ஆபத்து.

ஒரு குடும்பம் சென்ற ஆண்டு தங்கிய வாரத்தையே இந்த ஆண்டும் கேட்டால் முதல் உரிமை அதற்குத்தான் என்பது அங்குள்ள வழக்கம். இதனால் ஒரே வாரத்தில் வரும் குடும்பங்கள் தலைமுறைக்குப் பின் தலைமுறையாக ஒன்றையொன்று அறிந்திருக்கின்றன. குழந்தைகள் கோடைக்குக் கோடை வளர்ந்ததைச் சாப்பாட்டு மண்டபத்தில் எல்லோரும் பார்க்கிறார்கள். புதிதாகப் போகிறவர்களுக்கு ஜூலை, ஆகஸ்ட் மாதங்களின் நடு வாரங்கள் கிடைப்பது கஷ்டம். பருவத்தின் தொடக்கத்திலோ முடிவிலோ இடம் கிடைத்தால் போதும் என்று இருக்க வேண்டும். ஜூன் கடைசியில் நீர் சில்லென்று இருக்கும், கொசுவும் அதிகம். ஆனால் லூன் குஞ்சுகள் முட்டையை விட்டு வெளிவந்து, பெற்ற பறவையின் முதுகில் ஏறிச் சவாரி செய்வது அந்த நாட்களிலும் அதை அடுத்துவரும் ஓரிரு வாரங்களிலும்தான். என்னைக் கேட்டால், குளிருக்கு அஞ்சாதவர்கள் அந்த வாரத்தையே கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.