முட்டியில் விழுந்த உதை, முடியாத வாதம்

மான்செஸ்டர் சிட்டியின் எர்லிங் ஹாலண்ட் கோல் போட்டால் போதும், தேக்கா நிலையத்தில் தே தாரிக் குடித்துக்கொண்டிருக்கும் யுனைடெட் ரசிகர்களில் ஒருவராவது அவருடைய அப்பாவின் பேச்சை எடுத்துவிடுவார். பிறகு அன்றைய ஆட்டத்தைப் பற்றிப் பேச ஆளிருக்காது. “கீன் வேணும்னேதான் உதைச்சாரு” என்பார்கள் சிலர். “அதெல்லாம் ஆட்டத்துல சகஜம் தம்பி” என்பார்கள் மூத்த ரசிகர்கள். அந்த உதை விழுந்தபோது என் வயதுக்காரர்கள் பிறக்கவே இல்லை.

பகை தொடங்கியது 1997 செப்டம்பரில். லீட்ஸ் யுனைடெட்டின் எல்லண்ட் ரோடு திடலில், மான்செஸ்டர் யுனைடெட் அணித்தலைவர் ராய் கீன், லீட்ஸ் ஆட்டக்காரர் அல்ஃபி ஹாலண்டை மறிக்கப் பாய்ந்தார். அடிபட்டது கீனுக்குத்தான். முழங்காலின் முக்கியத் தசைநார் கிழிந்து, அந்தப் பருவம் முழுவதும் அவர் விளையாடவில்லை. வலியில் கிடந்தவரைப் பார்த்து, நடிக்கிறார் என்று ஹாலண்ட் சத்தம் போட்டதைக் கீன் மறக்கவில்லை.

2001 ஏப்ரல் 21. ஹாலண்ட் அப்போது சிட்டி அணியில் இருந்தார். ஓல்டு டிராஃபர்டில் ஆட்டம் முடியச் சில நிமிடங்களே இருந்தபோது, கீனின் காலணி ஹாலண்டின் வலது முழங்காலில் இறங்கியது. சிவப்பு அட்டை, மூன்று ஆட்டத் தடை, 5,000 பவுண்டு அபராதம். அதோடு முடிந்திருக்க வேண்டிய விவகாரம். ஆனால் 2002ல் வெளிவந்த தம் சுயசரிதையில், அது திட்டமிட்ட பழிவாங்கல் என்று படிக்கும்படி கீன் எழுதியிருந்தார். இங்கிலாந்துக் காற்பந்துச் சங்கம் மீண்டும் விசாரித்தது. இம்முறை ஐந்து ஆட்டத் தடை, 150,000 பவுண்டு அபராதம்.

உதை ஒன்றுதான், அபராதம் மட்டும் 30 மடங்கு. “குற்றத்தைவிட ஒப்புதலுக்கா விலை அதிகம்?” என்று கேட்டாள் சட்டம் படிக்கும் என் தோழி. எனக்கு அந்தத் தண்டனை நியாயமாகவே படுகிறது. ஆத்திரத்தில் உதைப்பது வேறு, அதை எழுதி விற்பது வேறு. புத்தகத்தை எழுத உதவிய ஈமன் டன்ஃபி, அந்த வார்த்தைகள் தம்முடையவை என்றார். 2014ல் வந்த இரண்டாவது புத்தகத்தில், அடிக்க நினைத்தது உண்மை, காயப்படுத்த நினைக்கவில்லை என்ற பொருளில் கீனே விளக்கினார். இத்தனை விளக்கங்களுக்குப் பிறகும் அவர் மனத்தில் அன்று என்ன இருந்தது என்று நம்மால் உறுதியாகச் சொல்ல முடிகிறதா?

நடுவருக்கு அந்தக் கவலை இல்லை. கவனக்குறைவா, ஆபத்தைப் பொருட்படுத்தாத ஆட்டமா, அளவுமீறிய பலமா என்றுதான் விதி பார்க்கச் சொல்கிறது. அடுக்குமாடி புளோக்குகளுக்குப் பக்கத்துத் திடல்களில் நாங்கள் விளையாடும்போதோ, முதலில் வரும் சொல்லே “வேணும்னே!” தான். என் நண்பன் ஒருவனுக்குக் கீனுக்குக் கிழிந்த அதே தசைநார் கிழிந்தது. இடறியவன் எங்கள் அணியிலேயே இருப்பவன், பயிற்சியில் தெரியாமல் நடந்தது. மன்னிப்புக் கேட்டான், நட்பும் பிழைத்தது. ஆனாலும் அறுவை சிகிச்சை, ஊன்றுகோல், தேசியச் சேவையில் தகுதிநிலை மாற்றம் என எதிலிருந்தும் நண்பன் தப்பவில்லை.

“கீன் அவர் வாழ்க்கையையே முடிச்சிட்டாரு” என்ற பேச்சிலும் ஒரு சிக்கல் உண்டு. உதை விழுந்தது வலது முழங்காலில். ஹாலண்டுக்கு அறுவை சிகிச்சை நடந்ததோ, முன்பே தொல்லை கொடுத்துவந்த இடது முழங்காலில். சில நாள்களில் நார்வேக்காகவும் களமிறங்கினார். அதே நேரத்தில், அந்த ஆட்டத்துக்குப் பிறகு அவர் 90 நிமிடமும் விளையாடவே இல்லை. 2003ல் ஓய்வுபெற்றார். இரண்டையும் சேர்த்துச் சொல்பவர்கள் குறைவு.

உதை விழுந்தபோது எர்லிங் ஒன்பது மாதக் குழந்தை. 2022 அக்டோபரில் யுனைடெட்டை சிட்டி 6-3 என வீழ்த்திய ஆட்டத்தில் அவர் ஹாட்ரிக் அடித்ததும், “அப்பாவுக்காகப் பழிவாங்கிட்டான்” என்று நண்பர்கள் குழுக்களில் செய்திகள் பறந்தன. அதற்கு முன் சொந்தத் திடலில் நடந்த இரண்டு லீக் ஆட்டங்களிலும், கிறிஸ்டல் பேலஸுக்கும் நாட்டிங்ஹம் ஃபாரஸ்டுக்கும் எதிராக, அவர் ஹாட்ரிக்தான் அடித்திருந்தார். ஃபாரஸ்ட், அவருடைய அப்பாவே முன்பு ஆடிய அணி.