சிக்னல் இல்லையா? பஸ் வருது பாஸ்!

"அண்ணா, உங்க போன்ல ப்ளூடூத் வேலை செய்யுமா?"

ஜவ்வாது மலையில எங்க காலேஜ் என்.எஸ்.எஸ். கேம்ப். ஜமுனாமரத்தூர் பஸ்ஸைப் பிடிக்கக் கிளம்பின என்னை வழிமறிச்சுக் கேட்டாள், ப்ளஸ் டூ முடிச்ச ஒரு தங்கச்சி. அந்த ஊர்ல என் போன் டார்ச் லைட்டா மட்டும்தான் உயிரோட இருந்தது. சிக்னல்? சுத்தமா ஜீரோ!

அவளுக்கு காலேஜ் அப்ளிகேஷன் போடணும். சான்றிதழ்களோட போட்டோவை என் போனுக்கு ஏத்திவிட்டாள். பஸ் குலுங்கிக் குலுங்கி ஜமுனாமரத்தூரை நெருங்கினதும் பாக்கெட்டுக்குள்ள 'டிங்... டிங்...'. உடனே அப்ளிகேஷன் போட்டுத் தர்ற சென்டருக்கு அனுப்பிட்டேன். சாயங்கால பஸ்ல பதிலோட ஊர் திரும்பினேன்: 'போட்டோ மங்கலா இருக்கு, மறுபடி அனுப்பவும்.' மறுநாள் காலை பஸ்ல மறுபடியும் ஒரு ட்ரிப்.

அப்பதான் பொறி தட்டுச்சு. நெட்வொர்க்ஸ் பேப்பர்ல மார்க்குக்காகப் படிச்ச விஷயமா நானே மாறியிருக்கேன். அதுக்குப் பேர் 'டேட்டா மியூல்'. தமிழ்ல சொன்னா... கோவேறு கழுதை!

கழுதைன்னு சிரிக்காதீங்க!

நம்ம வழக்கமான இன்டர்நெட்டுக்குப் பொறுமை கம்மி. அனுப்புறவருக்கும் வாங்குறவருக்கும் நடுவுல முழுப் பாதையும் இப்பவே இருக்கணும். மாத்துப் பாதையும் இல்லாம நடுவுல கண்ணி அறுந்தா தகவல் கோவிந்தா! 2003-ல் கெவின் ஃபால் என்ற ஆராய்ச்சியாளர் வேற மாதிரி ஒரு வடிவமைப்பை முன்வெச்சார். பாதை இல்லையா, பரவாயில்லை. தகவலைப் பத்திரமா வெச்சுக்கோ, சுமந்துகிட்டே போ, அடுத்த ஆள் எதிர்ப்பட்டா கைமாத்து. இதுதான் தாமதத்தைத் தாங்கும் நெட்வொர்க்.

இதுக்கு முன்னாடி 2001-லேயே கிராஸ்கிளவுசர், டேவிட் சே ரெண்டு பேரும் ஒரு ஆச்சரியத்தைக் கணக்குப் போட்டுக் காட்டியிருந்தாங்க. எல்லோரும் ஒரே இடத்துல உட்கார்ந்திருந்தா, தகவல் பல கை மாறித்தான் போகணும். ஒவ்வொரு கைமாத்தலும் அலைவரிசையைத் தின்னும். ஆனா ஆட்கள் நடமாடினா, வழியில போறவர்கிட்ட ஒரு தடவை கொடுத்தால் போதும். சேர வேண்டியவர் பக்கத்துல போனதும் அவர் கொடுத்துடுவார். காத்திருக்க மட்டும் தயாரா இருந்தா, நடமாட்டம் நெட்வொர்க்கோட கொள்ளளவைக் கூட்டும்!

பஸ்ல வந்த பட்டா

இது ஏட்டுச் சுரைக்காய் இல்லை. பக்கத்து மாநிலத்துல ஓடியே காட்டியிருக்கு. கர்நாடகாவோட 'பூமி' திட்டத்துல நில ஆவணங்களைக் கம்ப்யூட்டர்ல ஏத்தியிருந்தாங்க. ஆனா கிராமத்துக்கு லைன் இல்லை. எம்.ஐ.டி. மீடியா லேப் ஆட்களான அலெக்ஸ் பென்ட்லண்ட், ரிச்சர்ட் ஃப்ளெட்சர், அமீர் ஹாசன் 'டாக்நெட்'டோட வந்தாங்க. 'டாக்'னா இந்தியில தபால். தொட்டபல்லாபூர் பக்கம் ஓடுற ஒரு பஸ்ல வை-ஃபை பெட்டியையும் ஆன்டெனாவையும் மாட்டினாங்க. கிராமத்து மையத்தைத் தாண்டும்போது விண்ணப்பத்தை அள்ளிக்கும். தாலுகா ஆபீஸ் பக்கம் போனதும் இறக்கிட்டுப் பதிலை ஏத்திக்கும். டிரைவர் எந்தப் பட்டனையும் தட்ட வேண்டாம்! 2004 ஜனவரியில ஐ.இ.இ.இ. கம்ப்யூட்டர் இதழ்ல இதைக் கட்டுரையா எழுதினாங்க. கம்போடியாவோட ரத்தனகிரி மாகாணத்துல இதே வேலையைப் பைக்குகள் செஞ்சுது. பள்ளிக்கூட ஈமெயில் எல்லாம் செம்மண் ரோட்டுல டூவீலர் சவாரி!

வானம் காத்திருக்கு, ஃபாரம்?

இதே ஜவ்வாது மலையிலதான் காவலூர் வானாய்வகம் இருக்கு. அங்கே டெலஸ்கோப் பார்க்கிற அந்த வானத்துக்கும் இந்த டெக்னிக் போயாச்சு. 2008 நவம்பர்ல பூமியிலிருந்து 3 கோடி கி.மீ.க்கு அப்பால இருந்த ஒரு விண்கலத்தோட நாசா இதைச் சோதிச்சுப் பார்த்தது. 2024 பிப்ரவரியில ஏவின 'பேஸ்' செயற்கைக்கோள் தினசரி வேலைக்கே இதைப் பயன்படுத்துது.

விண்கலத்துக்காகக் காத்திருக்கக் கத்துக்கிட்டாச்சு. மலைக்காக?

நம்ம தங்கச்சி கதைக்கு வாங்க. ரெண்டாவது போட்டோ ஓகே. கடைசியா ஓ.டி.பி. கேட்டுச்சு. அது போகிறது அவள் நம்பருக்கு. அந்த போன் இருக்கிறது சிக்னல் இல்லாத ஊர்ல. பத்து நிமிஷத்துல காலாவதி! சான்றிதழை நான் சுமக்கலாம். பத்து நிமிஷத்தை எந்தக் கழுதை சுமக்கும்?

மூணாவது நாள் அவளே பஸ் ஏறினாள். துணைக்கு வந்த அம்மாவுக்கு அன்னிக்குக் கூலி போச்சு. பஸ் ஸ்டாண்டு ஓரமா நின்னு, ஓ.டி.பி. வாங்கி, சென்டருக்குப் போன்ல சொல்லி முடிச்சாங்க. கடைசித் தேதிக்கு இன்னும் ரெண்டே நாள்.

டவர் வேண்டாம்னு சொல்லலை, கட்டாயம் வேணும். அதுவரைக்கும்? பாதி ஃபாரத்தைப் பத்திரமா வெச்சுக்கிற, சிக்னல் வந்ததும் தானாவே அனுப்புற, ஓ.டி.பி.க்கு ஒரு பஸ் ட்ரிப் அளவுக்காவது டைம் கொடுக்கிற ஒரு ஆப் செய்ய ராக்கெட் சயின்ஸ் வேண்டாம். ராக்கெட்காரங்க ஏற்கெனவே செஞ்சு வெச்சிருக்காங்க!

ஃபைனல் இயர் ப்ராஜெக்டுக்குத் தலைப்பு தேடுற மக்களே, எடுத்துக்கோங்க. டெஸ்டிங்குக்கு ஜமுனாமரத்தூர் பஸ் ரெடி. ஜன்னல் சீட் மட்டும் எனக்கு!