உங்க நாய் போட்டோவில் மட்டும் ஏன் 'வேற நாய்' மாதிரி தெரியுது? சிக்கல் நாயிடமா, கேமராவிடமா?

நாய் வளர்க்கும் நண்பர் யாருடைய மொபைல் கேலரியையும் திறந்து பாருங்கள். ஒரு படத்தில் வால் மட்டும் இருக்கும். இன்னொன்றில் மூக்கு மட்டும். மூன்றாவதில் பேய்ப்பட போஸ்டர் மாதிரி இரண்டு பச்சைக் கண்கள். நூறு எடுத்தால் நாலு தேறும். "இவன் போட்டோவுக்கு நிக்கவே மாட்டான் பாஸ்" என்று பழியை நாயின் மேல் போட்டுவிடுவோம்.

உண்மையில் பாதிச் சிக்கல் கேமராவில் இருக்கிறது, மீதி நம்மிடம். மொபைல் கேமராவின் வசதிகள் பெரும்பாலும் மனிதர்களை மனதில் வைத்து உருவானவை. மனிதர் அசையாமல் நிற்பார், லென்ஸைப் பார்ப்பார், 'ஸ்மைல் ப்ளீஸ்' என்றால் சிரிப்பார். நாய் இதில் எதையும் செய்யாது. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

கறுப்பு நாய் ஏன் வெறும் உருண்டையாகத் தெரிகிறது?

எதிரே இருப்பது கறுப்பா வெள்ளையா என்பது கேமராவின் ஒளிமானிக்குத் தெரியாது. உள்ளே வரும் வெளிச்சத்தை அளந்து, படத்தை ஒரு நடுத்தர சாம்பல் அளவுக்குக் கொண்டுவரப் பார்க்கும். ஒளிப்படக் கலையில் '18 சதவீத சாம்பல்' என்று சொல்வது இதைத்தான்.

நம் தென்மாவட்டங்களின் கன்னி நாயையே எடுத்துக்கொள்வோம். கறுப்பு உடம்பு, முகத்திலும் கால்களிலும் பழுப்பு. அதன் முகம் ஃபிரேம் முழுக்க நிறைந்தால், 'ரொம்ப இருட்டா இருக்கே' என்று கேமரா வெளிச்சத்தைக் கூட்டிவிடும். மினுமினுக்கும் கறுப்பு, சாயம் போன சாம்பலாகிவிடும். அதே நாய் வெயிலடிக்கும் மொட்டை மாடியில், வெள்ளைச் சுவருக்கு முன்னால் நின்றால் கதை தலைகீழ். சுவரின் பளபளப்பைப் பார்த்துக் கேமரா வெளிச்சத்தைக் குறைக்கும். கண்ணும் மூக்கும் தெரியாத ஒரு கறுப்பு உருண்டைதான் மிஞ்சும்.

ராஜபாளையம் போன்ற வெள்ளை நாய்களுக்கு வேறு தலைவலி. உச்சி வெயிலில் அதன் ரோமம் வெறும் வெள்ளைத் தாளாகிவிடும். அப்படிக் காணாமல் போன விவரத்தை எந்த எடிட்டிங் ஆப்பாலும் உண்மையாக மீட்க முடியாது.

என்ன செய்யலாம்? திரையில் நாயின் முகத்தைத் தொடுங்கள். பக்கத்தில் வரும் சூரியக் குறியை மேலும் கீழும் நகர்த்தி, ரோமம் நேரில் எப்படித் தெரிகிறதோ அந்த அளவுக்குக் கொண்டுவாருங்கள். கறுப்பு நாயைப் பளிச்சென்ற பின்னணியில் நிறுத்தாமல் ஜன்னல் ஓரத்தில் உட்கார வையுங்கள். பக்கவாட்டில் இருந்து வரும் வெளிச்சம் ரோமத்தின் மினுமினுப்பைக் காட்டும். கண்ணில் ஜன்னல் ஒரு சின்ன வெள்ளைப் புள்ளியாகத் தெரிந்தால் போதும், முகத்துக்கு உயிர் வந்துவிடும்.

மூக்கு பெரிசு, கால் சிறிசு: ஏன்?

பெரும்பாலான போன்களின் மெயின் கேமரா அகலக் கோண லென்ஸ். அதைக் கிட்டே கொண்டுபோனால், முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் மூக்கு பூதாகரமாகவும் காதுகள் சின்னதாகவும் தெரியும். நின்றபடி கீழே பார்த்து எடுத்தால் தலை பெரிதாகி, கால்கள் குச்சியாகிவிடும். இரண்டடி பின்னால் போய் 2எக்ஸ் அல்லது 3எக்ஸ் வைத்து எடுங்கள். முக்கியமாக, தரையில் உட்காருங்கள். தேவைப்பட்டால் படுத்துவிடுங்கள்.

இந்த உயரத்தின் மதிப்புக்குப் பிரபலமான உதாரணம், மேக்னம் ஒளிப்படக் கலைஞர் எலியட் எர்விட் 1974-ல் நியூயார்க்கில் எடுத்த படம். தொப்பி போட்ட குட்டி சிவாவா நாய், பக்கத்தில் ஒரு பெண்ணின் பூட்ஸ் கால்கள், அடுத்து ஒரு கிரேட் டேன் நாயின் நெடிய கால்கள். அவ்வளவுதான் படம். கேமரா சிவாவாவின் உயரத்துக்கு இறங்கியதால்தான் உலகம் அதற்கு எப்படித் தெரிகிறது என்பது நமக்குப் புரிகிறது.

ஏன் எல்லாமே பிளர் ஆகிறது?

வீட்டுக்குள் டியூப்லைட் வெளிச்சம் போதாமல், போன் ஷட்டரைக் கொஞ்சம் அதிக நேரம் திறந்து வைக்கும். 1/30 விநாடிக்குள் நாய் தலையைத் திருப்பிவிடும். நைட் மோடு இன்னும் மோசம். அது பல படங்களை எடுத்து ஒன்றாக ஒட்டுவது, அதனால் அசையும் வாலுக்கு மூன்று நிழல் விழும். போர்ட்ரெய்ட் மோடிலும் காது ரோமமும் மீசையும் எங்கே முடிகின்றன என்று மென்பொருள் தடுமாறி, அவற்றையும் சேர்த்து மங்கலாக்கிவிடும்.

ஓடும் நாய்க்கு 1/1000 விநாடி அளவிலான ஷட்டர் வேகம் வேண்டும். அதற்கு வெளிச்சம் வேண்டும். காலை 7 மணி வெயில் சரியான நேரம். நண்பகல் வேண்டாம். நிழல் முகத்தில் கறுப்பாக விழும் என்பது ஒரு காரணம். தார்ச்சாலையும் மொட்டை மாடித் தரையும் பாதத்தைச் சுட்டுவிடும் என்பது அதைவிட முக்கியக் காரணம். உங்கள் புறங்கையைத் தரையில் வைத்துப் பாருங்கள். சில விநாடிகூட வைக்க முடியவில்லை என்றால் நாயையும் அங்கே நிறுத்தக் கூடாது.

ஃபிளாஷ் போடலாமா?

வேண்டாம். நாயின் விழித்திரைக்குப் பின்னால் கண்ணாடி போல ஒளியைத் திருப்பி அனுப்பும் ஒரு அடுக்கு உண்டு. இரவில் மங்கிய ஒளியிலும் பார்க்க உதவுவது அதுதான். ஃபிளாஷ் அதில் பட்டுத் திரும்பும்போது கண் பச்சையாகவோ மஞ்சளாகவோ ஒளிர்கிறது. தவிர, முகத்துக்கு நேரே திடீரென மின்னும் வெளிச்சத்தை ஒருமுறை பார்த்த நாய், அடுத்த முறை போனை எடுத்தாலே எழுந்து போய்விடும்.

கேமராவை எப்படிப் பார்க்க வைப்பது?

சத்தம் உதவும். நாய்களைப் பார்த்துத் தானே குரைத்துக் காட்டி, அவற்றின் எதிர்வினையைப் படமெடுத்ததாக எர்விட் சொல்லியிருக்கிறார். ஆனால், ஒரே சத்தம் மூன்று நான்கு முறைக்கு மேல் எடுபடாது. 'ஓ, இதுதானா' என்று நாய் திரும்பிக்கொள்ளும். அதனால் வெளிச்சம், பின்னணி, ஃபோகஸ் எல்லாவற்றையும் முதலில் தயார் செய்துவிட்டு, சத்தத்தைக் கடைசியில் பயன்படுத்துங்கள். பிஸ்கட்டை லென்ஸுக்கு மேலே பிடியுங்கள். படம் சரியாக வராவிட்டாலும் பிஸ்கட்டைக் கொடுத்துவிடுங்கள். ஏமாற்றினால் அடுத்த முறை வராது.

அது சிரிக்குதா, பயப்படுதா?

இங்கேதான் விஷயம் சீரியஸாகிறது. தீபாவளிக்கு வேட்டி கட்டி, கூலிங் கிளாஸ் மாட்டி, குழந்தையை மேலே சாய வைத்து எடுத்த படத்துக்கு லைக்ஸ் குவியும். ஆனால் அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். தூக்கம் வராதபோது கொட்டாவி, மூக்கை நக்கும் நாக்கு, வேறு பக்கம் திருப்பிய தலை, ஓரத்தில் பிறை போலத் தெரியும் கண்ணின் வெள்ளை, பின்னால் ஒட்டிய காது, கால்களுக்கு நடுவே நுழைந்த வால்: இவையெல்லாம் 'என்னை விடு' என்று நாய் சொல்லும் விதங்கள். உடம்பு விறைத்து அசையாமல் நின்றால் 'சமர்த்தா போஸ் கொடுக்குது' என்று நினைக்காதீர்கள். கடிப்பதற்கு முந்தைய கடைசி எச்சரிக்கையாகவும் அது இருக்கலாம். குழந்தை நாயைக் கட்டிப்பிடிக்கும் போஸ் ஆபத்தானது என்பது இதனால்தான்.

அப்படியென்றால் டிரெஸ்ஸே போடக் கூடாதா? அமெரிக்கக் கலைஞர் வில்லியம் வெக்மன் 1970-ல் 'மேன் ரே' என்ற தன் வைமரனர் நாயுடன் தொடங்கி, உடை அணிந்த நாய்ப் படங்களுக்காகவே உலகப் புகழ் பெற்றார். அதற்குப் பின்னால் கூடவே வாழ்ந்து பழகிய பல ஆண்டு உறவு இருக்கிறது. ரீல்ஸுக்காகப் பத்து நிமிடத்தில் அதை வரவழைக்க முடியாது. நாய்க்குப் பிடித்திருக்கிறதா என்று பார்க்க எளிய வழி ஒன்று உண்டு. கையை எடுத்துவிடுங்கள். அது அங்கேயே இருந்தால் தொடரலாம். எழுந்து போனால், அன்றைய ஷூட்டிங் பேக்கப்.

ஒரு படம் ஒரு வீட்டைத் தரும்

தெருவில் மீட்கப்பட்ட குட்டிக்கு நல்ல படம் ரொம்பவே முக்கியம். தத்தெடுக்க நினைப்பவர்கள் இன்று அதை முதலில் பார்ப்பது வாட்ஸ்அப் ஸ்டேட்டஸிலோ இன்ஸ்டாகிராமிலோதான். கட்டைவிரல் அங்கே ஒரு விநாடி நிற்கிறதா, தாண்டுகிறதா என்பதுதான் கேள்வி. கறுப்பு நாய்களைத் தத்தெடுக்க ஆட்கள் குறைவு என்ற நம்பிக்கை பல நாடுகளின் காப்பகங்களில் நீண்டகாலமாக உண்டு. ஆய்வு முடிவுகள் இதில் ஒன்றுக்கொன்று மாறுபடுகின்றன. ஆனால், கண்ணே தெரியாத கறுப்பு உருண்டையைப் பார்த்து யாருக்கும் 'இது நம்ம வீட்டுக்கு' என்று தோன்றாது என்பதற்கு ஆய்வு தேவையில்லை.

எனவே, நாட்டு நாய்க்குட்டியைத் தத்துக்கொடுக்க உதவுகிறீர்கள் என்றால் மூன்று படம் எடுங்கள். கண் தெளிவாகத் தெரியும் முகம் ஒன்று. பக்கவாட்டில் முழு உடம்பு ஒன்று. எவ்வளவு பெரியது என்று புரிய, ஒருவரின் காலோ கையோ பக்கத்தில் இருக்கும்படி இன்னொன்று. கம்பிக்குப் பின்னால் இருந்து வேண்டாம், வெளியே கூட்டி வந்து எடுங்கள். சொறியையோ நொண்டலையோ எடிட்டிங்கில் மறைக்காதீர்கள். மறைத்தால் கூட்டிப்போனவரே திருப்பிக் கொண்டுவந்து விடும் ஆபத்து உண்டு. இரண்டாவது முறை கைவிடப்படுவது அந்தக் குட்டிக்கு இன்னும் கொடுமை.

வீட்டு நாயோ தெரு நாயோ, அது அசந்து தூங்கும்போதும், வாசலில் உங்களுக்காகக் காத்திருக்கும்போதும் எடுங்கள். போஸ் கேட்காத நேரத்தில்தான் அது அதுவாக இருக்கும். நாய்களின் ஆயுள் பத்துப் பதினைந்து வருடம்தான். ஒருநாள் நீங்கள் தேடிப் பார்க்கப் போவதும் அந்தப் படங்களைத்தான்.