இமையில் பூசுமுன் கையில் பூசிப் பாருங்கள்

இந்த முறை இரத்தக் கொதிப்பைப் பற்றியோ இனிப்பு நீரைப் பற்றியோ எழுதப் போவதில்லை. கண்ணிமையில் பூசும் ஐ ஷேடோவைப் பற்றி எழுதுகிறேன். "டிரஸ்ஸருக்கு வேற வேலை இல்லையா?" என்று சில அண்ணன்மார் கேட்பது காதில் விழுகிறது. வீட்டில் பெண் பிள்ளை இருக்கிறவர்கள் கொஞ்சம் பொறுத்துப் படியுங்கள்.

ஒரு தீபாவளி முடிந்து மூன்றாம் நாள் காலை. செம்பனை நாற்று மேட்டில் வேலை செய்கிற ஒரு பிள்ளை, முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு வந்தது. இரண்டு இமையும் பூரி மாதிரி உப்பி, தோல் சிவந்து, செதில் செதிலாக உரிந்து கிடந்தது.

"என்னம்மா பூசினே?"

"பாசார் மாலாம்ல வாங்குனது ஐயா. அஞ்சு வெள்ளிதான். நல்லா மினுமினுன்னு இருந்துச்சு."

டப்பாவைக் கொண்டு வரச் சொன்னேன். பளபளப்பான பெயர் இருந்தது. செய்தவர் யார், கொண்டு வந்து விற்பவர் யார், உள்ளே என்ன இருக்கிறது, ஒன்றும் இல்லை. நாலு நாள் எம்.சி. கொடுத்தேன். அந்த மாதத்து வருகைப் படி போய்விட்டது. அதே டப்பா, அதே பிரஷ்ஷில் பூசிக்கொண்ட இரண்டு தோழிகளில் ஒருத்திக்கு, வாரக் கடைசியில் கண் சிவந்து பீளை கட்டியது.

இவை இரண்டும் ஒரே நோய் அல்ல. முதல் பிள்ளைக்கு வந்தது ஒவ்வாமை. இமைத்தோல் நம் உடம்பிலேயே மிக மெல்லியது, அரை மில்லிமீட்டர் அளவுதான். பூச்சில் உள்ள வாசனைப் பொருளோ, கெடாமல் இருக்கச் சேர்க்கும் மருந்தோ, நிக்கல் போன்ற உலோகமோ சிலருக்கு ஆகாது. அது உடனே தெரியாது. ஒரு நாள், இரண்டு நாள் கழித்துத்தான் அரிப்பும் வீக்கமும் வரும். அதனால்தான் பலர் "பலகாரம் ஒத்துக்கலை" என்று பலகாரத்தின் மேல் பழி போடுகிறார்கள்! தோழிக்கு வந்தது தொற்று. ஒருவர் கண்ணில் பட்ட பிரஷ் இன்னொருவர் கண்ணுக்குக் கிருமியைக் கொண்டு போகும். எச்சில் தொட்டுக் குழைப்பதும் அப்படித்தான்.

விலை மலிவு என்பது குற்றமல்ல. பட்டணத்து மருந்துக்கடையில் பத்து, பதினைந்து வெள்ளிக்கு நல்ல ஐ ஷேடோ கிடைக்கிறது. என் மனைவி பூசுவதும் அதுதான். ஆனால் வாங்குமுன் டப்பாவைத் திருப்பிப் பாருங்கள். இந்நாட்டில் விற்கும் ஒவ்வொரு அழகுப் பொருளையும், 2008 முதல், சுகாதார அமைச்சின் மருந்துக் கட்டுப்பாட்டுப் பிரிவில் அறிவிக்க வேண்டும். அப்படி அறிவித்த பொருளுக்கு என், ஓ, டி என்று தொடங்கி கே என்று முடியும் எண் உண்டு. டப்பாவில் அது அச்சாகாமலும் இருக்கலாம். பிள்ளைகளிடம் கைத்தொலைபேசியைக் கொடுத்து அப்பிரிவின் அகப்பக்கத்தில் பொருளின் பெயரைத் தேடச் சொல்லுங்கள். எண் இருப்பதால் அமைச்சே சோதித்துப் பார்த்தது என்று அர்த்தமில்லை. தவறு நடந்தால் பதில் சொல்ல ஓர் ஆள் இருக்கிறார் என்று அர்த்தம். அஞ்சு வெள்ளி டப்பாவுக்கு அந்த ஆள் இல்லை. மூடி திறந்த சின்ன ஜாடிப் படம் ஒன்றும் இருக்கும். அதில் 12 என்று போட்டிருந்தால், திறந்த பிறகு 12 மாதம்தான்.

வாங்கியதும் இமைக்குப் போகாதீர்கள். முழங்கையின் உள்பக்கம், பத்து சென் காசு அளவு, காலையும் மாலையும் ஏழு நாள் பூசுங்கள். முகத்தில் எவ்வளவு நேரம் இருக்குமோ அவ்வளவு நேரம் விட்டுப் பிறகு கழுவுங்கள். அரிப்போ தடிப்போ வந்தால் அன்றோடு நிறுத்துங்கள். ஒன்றும் இல்லையென்றால், ஓய்வு நாளில் சில மணி நேரம் இமையில் பூசிப் பார்க்கலாம். கல்யாணத்தன்று காலையில் முதல் சோதனை வேண்டவே வேண்டாம். வெளிக்காட்டு வேலைக்கும் பூசிப் போகாதீர்கள். வியர்வையோடு பொடி கண்ணுக்குள் இறங்கும், உரம் பட்ட கையால் கசக்குவீர்கள். கார்டு ஒட்டுகிற ஜிகினாப் பொடியை இமையில் வைப்பதையும் பார்த்திருக்கிறேன். அது கருவிழியைக் கீறிவிடும்.

கண் எரிந்தால் சுத்தமான தண்ணீரில் நன்றாகக் கழுவி, குளிர்ந்த ஈரத்துணி வையுங்கள். தாய்ப்பால் விடாதீர்கள். பக்கத்து வீட்டுக்காரர் மிச்சம் வைத்த சொட்டு மருந்தும் வேண்டாம். அதில் ஸ்டீராய்டு இருந்தால் கிருமி நோய் முற்றிவிடும். கண் உள்ளே வலித்தாலோ, வெளிச்சம் பார்க்கக் கூசினாலோ, பார்வை மங்கினாலோ என்னிடம் வந்து வரிசையில் காத்திருக்க வேண்டாம். அன்றே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

கைக்குழந்தைக்குச் சுர்மா தீட்டுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. சில சுர்மாக்கள் ஈயக் கல்லை அரைத்துச் செய்தவை. குழந்தை கண்ணைக் கசக்கி விரலை வாயில் வைக்கும். ஈயம் உள்ளே போய் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். கண்ணேறுக்குப் பொட்டு வேண்டுமென்றால் பாட்டிமார் உள்ளங்காலில் வைக்கட்டும்.

நாற்று மேட்டுப் பிள்ளை பொங்கலுக்கு முன் மறுபடி வந்தது, கண்ணுக்காக இல்லை. மருந்துக்கடையில் இரண்டு நிறம் வாங்கி, வலது கையில் ஒன்று, இடது கையில் ஒன்று என்று பூசிப் பார்த்ததாம். பழுப்பு நிறம் ஏழு நாளும் சும்மா இருந்தது. மினுக்குகிற ரோஜா நிறம் நாலாம் நாளே தடித்துவிட்டது. அந்த ரோஜா டப்பா இப்போது என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. விவர அட்டையை எப்படிப் படிப்பது என்று தெரிந்துகொள்ள விரும்புகிறவர்கள் வந்து பார்க்கலாம்.