புதுத் தொட்டியில் மீன்கள் ஏன் ஒரே வாரத்தில் சாகின்றன?

தீபாவளிக்கு முன்போ பள்ளி விடுமுறையின் தொடக்கத்திலோ நம்மில் பலர் வீட்டில் இது நடந்திருக்கும். சுங்கை பட்டாணிக்கோ கூலிமுக்கோ போய், இரண்டு அடி கண்ணாடித் தொட்டி, ஃபில்டர், கல், செடி, பதினைந்து மீன் என எல்லாவற்றையும் ஒரே நாளில் வாங்கி வருகிறோம். மாலைக்குள் தொட்டி தயார். பிள்ளைகள் ஒவ்வொரு மீனுக்கும் பெயர் வைத்துவிடுவார்கள். மூன்றாம் நாள் நீர் வெண்மையாகக் கலங்கும். ஐந்தாம் நாள் ஒரு மீன் மிதக்கும். பத்தாம் நாள் தொட்டி காலி.

"கடைக்காரன் நோய் மீனைக் கொடுத்துட்டான்" என்பார் அப்பா. "நம்ம வீட்டுக்கு மீன் ராசியில்ல" என்பார் பாட்டி. தொட்டி கொல்லைப்புறம் போய்ச் சேரும்.

பெரும்பாலும் கடைக்காரர் மீதும் தப்பில்லை, ராசியிலும் தப்பில்லை. அந்த மீன்கள் தங்கள் கழிவிலேயே நஞ்சேறிச் செத்திருக்கும். அதைத் தடுக்கப் பெரிய செலவு கிடையாது. மூன்று முதல் ஆறு வாரம் பொறுத்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

மீன் தன் செவுள் வழியாக இடைவிடாமல் அமோனியாவை வெளியேற்றுகிறது. தின்னாமல் அடியில் கிடந்து அழுகும் தீனியிலிருந்தும் அமோனியா வரும். ஆற்றில் அது கலைந்து போய்விடும். இரண்டு அடி நீளம், ஓர் அடி அகலம், ஓர் அடி உயரமுள்ள தொட்டி விளிம்பு வரை நிறைந்தாலே சுமார் 55 லிட்டர்தான். அங்கே அமோனியாவுக்குப் போக்கிடம் இல்லை. செவுளை அரித்து மீனை மூச்சுத் திணற வைக்கும். நீர் பளிங்குபோல் தெளிவாக இருக்கும்போதே இது நடக்கும். அதனால்தான் நமக்குத் தெரிவதில்லை.

இதைத் தீர்த்துவைப்பவை கண்ணுக்குத் தெரியாத பாக்டீரியாக்கள். ஒரு வகை அமோனியாவை நைட்ரைட்டாக மாற்றுகிறது. நைட்ரைட்டும் நஞ்சுதான், மீனின் இரத்தம் பிராணவாயுவைச் சுமக்க முடியாதபடி செய்துவிடும். இன்னொரு வகை அதை நைட்ரேட்டாக மாற்றுகிறது. நைட்ரேட் அவ்வளவு கெடுதல் செய்யாது. வாரம் ஒருமுறை கொஞ்சம் நீர் மாற்றினால் கட்டுக்குள் இருக்கும். இந்தச் சங்கிலி முழுமையாக அமைவதைத்தான் மீன் வளர்ப்போர் 'சைக்கிள்' ஆவது என்கிறார்கள். இந்தப் பாக்டீரியாக்கள் நீரில் மிதந்து திரிபவை அல்ல. ஃபில்டர் பஞ்சிலும் கல்லிலும் ஒட்டி வாழ்பவை. மற்ற பாக்டீரியாக்களைப்போல் மளமளவென்று பெருகுவதும் இல்லை. புதுத் தொட்டியின் முதல் மாதம் மீன் வளர்க்கும் மாதம் என்பதைவிட, பஞ்சில் பாக்டீரியா வளர்க்கும் மாதம் என்று நினைத்துக்கொள்வது நல்லது.

கடையில் பாட்டிலில் விற்கும் பாக்டீரியாவை ஊற்றினால் போதாதா என்று கேட்கலாம். சில உதவும், சில உதவாது. நைட்ரைட்டை மாற்றுவது நைட்ரோபாக்டர் என்றே நெடுங்காலம் நம்பினார்கள். நன்னீர்த் தொட்டிகளில் அந்த வேலையைச் செய்வது நைட்ரோஸ்பைரா வகை என்று அமெரிக்க ஆய்வாளர் டிமோத்தி ஹொவானெக்கும் குழுவினரும் 1998இல் காட்டினார்கள். நைட்ரோஸ்பைராவிலேயே சில, அமோனியாவிலிருந்து நைட்ரேட் வரை முழு வேலையையும் தனியாகச் செய்கின்றன என்பது 2015இல் தெரியவந்தது. பாட்டிலில் எது இருக்கிறது, கடை அலமாரியின் வெயிலில் அது உயிரோடு இருக்கிறதா என்று நமக்குத் தெரியாது. வாங்கினாலும் நம்பி அன்றே மீனை விட வேண்டாம்.

இனி வேலைக்கு வருவோம். நிறைந்த இரண்டு அடித் தொட்டி, நீர், கல், கண்ணாடி எல்லாம் சேர்த்து 70 கிலோவைத் தொடும். பழைய தொலைக்காட்சி மேசை தாங்காது. வெயில் நேராக விழும் சன்னலோரமும் வேண்டாம். பாசி பிடிக்கும், மதியத்தில் நீர் கொதிக்கும். நம் ஊர் வெப்பத்துக்கு ஹீட்டர் தேவையே இல்லை. மாறாக, நீர் சூடாகச் சூடாக அதில் கரைந்திருக்கும் பிராணவாயு குறையும். எனவே ஃபில்டரின் நீர் மேற்பரப்பைக் கலக்கியபடி விழுவது முக்கியம்.

கெடாவில் வீட்டுக் குழாயில் வருவது சாடா நிறுவனம் சுத்திகரித்து அனுப்பும் நீர். கிருமி நீக்கக் குளோரின் சேர்ந்திருக்கும். நமக்கு அது பாதுகாப்பு. மீனுக்கும் நாம் வளர்க்கப்போகும் பாக்டீரியாவுக்கும் அது எமன். கடையில் மலிவாகக் கிடைக்கும் ஆன்டி குளோரினை அளவு பார்த்துக் கலக்குங்கள். வாளியில் பிடித்து ஒரு நாள் காற்றோட்டத்தில் வைத்தாலும் குளோரின் பெரும்பாலும் போய்விடும்.

தோட்டப்புறங்களில் மழைநீரைப் பீப்பாயில் சேர்க்கும் பழக்கம் இன்னும் சில வீடுகளில் இருக்கிறது. மழைநீரில் குளோரின் இல்லை என்று அதை மட்டுமே நிரப்பிவிடாதீர்கள். அதில் தாதுக்கள் ஏறக்குறைய இல்லாததால் நீர் சீக்கிரம் அமிலமாகிவிடும். அமிலத்தன்மை கூடினால் பாக்டீரியா வேலையை நிறுத்திக்கொள்ளும். குழாய் நீரோடு கலந்தால் சரி, அல்லது ஃபில்டரில் சிறு பவளக்கல் துண்டு ஒன்றைப் போடலாம்.

தொட்டி நிரம்பி ஃபில்டர் ஓடத் தொடங்கியதும், மீன் விடாமல் பாக்டீரியாவுக்குச் சாப்பாடு போட வேண்டும். தினமும் ஒரு சிட்டிகை மீன் தீனி போடலாம். அல்லது உரிக்காத பச்சை இறால் ஒன்றை வலைத்துணியில் கட்டித் தொங்கவிடலாம். கொஞ்சம் நாறும், பொறுத்துக்கொள்ள வேண்டியதுதான். அது அழுக அழுக அமோனியா வரும். மூன்றாம் நாள் நீர் வெண்மையானால் பயந்து தொட்டியைக் கழுவிவிடாதீர்கள். தானாகத் தெளியும்.

சொட்டு மருந்து விட்டு நிறம் பார்க்கும் சோதனைப் பெட்டி ஒன்று வாங்குங்கள். மொத்தச் செலவில் மிகப் பயனுள்ள செலவு அதுவே. முதலில் அமோனியா ஏறும். பிறகு அது இறங்கி நைட்ரைட் ஏறும். கடைசியில் நைட்ரேட் தலைகாட்டும். தீனி போட்டுக்கொண்டே இருந்தும் அமோனியாவும் நைட்ரைட்டும் சில நாள் தொடர்ந்து சுழியத்தில் நின்றால் தொட்டி தயார். முதல் வாரத்தில் நைட்ரைட் சுழியம் காட்டுவதை வைத்து ஏமாந்துவிட வேண்டாம். அது இன்னும் தொடங்கவே இல்லை என்று பொருள்.

மீனில்லாத நீர் என்றால் நம் நாட்டில் இன்னொரு கவலை உண்டு. ஏடிஸ் கொசு ஒரு வாரத்தில் முட்டையிலிருந்து பறக்கும் நிலைக்கு வந்துவிடும். வீட்டில் கொசுப்புழு இருந்தால் 1975ஆம் ஆண்டின் நோய் பரப்பும் பூச்சிகள் ஒழிப்புச் சட்டத்தின்படி நடவடிக்கை வரலாம். ஃபில்டரை நிறுத்தாமல் ஓடவிட்டு, தொட்டியை நெருக்கமான வலையால் மூடிவையுங்கள்.

ஒரு மாதம் காத்திருக்கப் பிள்ளைகள் விடமாட்டார்கள் என்றால் ஒரு குறுக்கு வழி உண்டு. நல்ல நிலையில் ஆறேழு மாதமாக ஓடும் தொட்டி வைத்திருக்கும் உறவினரிடமோ நண்பரிடமோ ஃபில்டர் பஞ்சில் ஒரு துண்டு கேளுங்கள். ஈரம் காயாமல் அவருடைய தொட்டி நீரிலேயே நனைத்து எடுத்துவந்து உங்கள் ஃபில்டரில் வையுங்கள். காத்திருப்பு ஓரிரு வாரமாகச் சுருங்கும். அவர் தொட்டியில் நோய் இல்லை என்பதை மட்டும் முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

"அந்தக் காலத்தில் தோட்டத்தில் சண்டை மீனைப் பாட்டிலில் வளர்த்தோமே, எந்த ஃபில்டர் இருந்தது?" என்று பெரியவர்கள் கேட்பது நியாயமான கேள்வி. சண்டை மீனுக்கு மேலே வந்து காற்றைக் குடிக்கும் தனி உறுப்பு தலைக்குள் இருக்கிறது. பாட்டிலில் ஒரே ஒரு மீன்தான். அதற்கும் மேலாக, பையன்கள் நாள்தோறும் வாய்க்கால் நீரை மாற்றி ஊற்றினார்கள். இன்று ஃபில்டர் பாக்டீரியா செய்யும் வேலையை அன்று பையன்களின் கை செய்தது. பதினைந்து மீனை ஒன்றாக விட்டு வாரக்கணக்கில் நீர் மாற்றாமல் இருந்தால் கதை வேறு.

தொட்டி தயாரானதும் பாதி நீரை மாற்றிவிட்டு, அன்றோ மறுநாளோ நான்கைந்து மீன் மட்டும் விடுங்கள். நாள் கடத்தினால் பாக்டீரியா பட்டினி கிடக்கும். பத்து நாள் கழித்து அடுத்த கூட்டம். என் முதல் பரிந்துரை ஹார்லிக்வின் ரஸ்போரா. செம்பு நிற உடலில் கருப்பு முக்கோணம் போட்ட சிறு மீன். தீபகற்ப மலேசியாவின் ஓடைகளுக்குச் சொந்தமானது. ஜெர்மானியர் டங்கர் 1904இல் அதற்கு அறிவியல் பெயர் வைத்தார். இரண்டு அடித் தொட்டிக்கு எட்டு இருந்தால் அழகாகக் கூட்டமாய் நீந்தும். அடியில் ஐந்து கோரிடோரஸ் சேர்க்கலாம். கப்பி வேண்டுமென்றால் ஆண் மட்டும் வாங்குங்கள். இல்லையென்றால் இரண்டு மாதத்தில் தெருவுக்கே குட்டி கொடுக்க வேண்டிவரும். டைகர் பார்ப் மற்ற மீன்களின் துடுப்பைக் கடிக்கும். பாசி தின்னும் என்று சொல்லிக் கொடுக்கும் பண்டாராயா மீன் ஓர் அடிக்கு மேல் வளரும். வளர்ந்ததும் ஆற்றில் கொண்டுபோய் விடுவது பெரிய தவறு. அப்படிப் போனவை கிள்ளான், லங்காட் ஆறுகளில் இன்று பெருகிக் கிடக்கின்றன.

பிறகு வரும் மரணங்களுக்குக் காரணம் பெரும்பாலும் நம் நல்லெண்ணமே. பஞ்சு அழுக்காக இருக்கிறதென்று குழாயடியில் அலசினால் ஒரு மாத உழைப்பு ஒரு நிமிடத்தில் போகும். தொட்டியிலிருந்து எடுத்த நீரில் மெல்லப் பிழிந்தால் போதும். மின்சாரக் கட்டணத்துக்குப் பயந்து இரவில் ஃபில்டரை அணைப்பவர்களும் உண்டு. 5 வாட் பம்ப் மாதம் முழுக்க ஓடினாலும் 3.6 யூனிட்தான், இரண்டு வெள்ளியைத் தாண்டாது. தாமானில் புகை மருந்து அடிக்க வரும்போது தொட்டியை ஈரத்துணியால் மூடி, காற்று பம்பைச் சிறிது நேரம் நிறுத்துங்கள். அந்த மருந்து மீனுக்குக் கொடிய நஞ்சு.

ஏற்கெனவே எல்லா மீனையும் விட்டுவிட்டவர்கள் கலங்க வேண்டாம். தினமும் மூன்றில் ஒரு பங்கு நீரைக் குளோரின் நீக்கிய நீரால் மாற்றுங்கள். தீனியை ஒருநாள் விட்டு ஒருநாள், கண் இமைக்கும் நேரத்தில் தின்று முடிக்கும் அளவு மட்டும் போடுங்கள். மீன்கள் மேலே வந்து வாய் திறந்து திறந்து மூடினால் அன்றே பாதி நீரை மாற்ற வேண்டும். நைட்ரைட் ஏறும் வாரத்தில் பத்து லிட்டருக்கு ஒரு தேக்கரண்டி உப்பு கரைத்துவிட்டால் நஞ்சு இரத்தத்தில் ஏறுவது குறையும். சோதனையில் இரண்டும் சுழியம் காட்டும் வரை இதை விடக்கூடாது.

மாற்றி எடுக்கும் நீரைக் கொட்டிவிடாதீர்கள். அதிலுள்ள நைட்ரேட் செடிக்கு உரம். உப்புப் போடாத நீராக இருந்தால் வாசல் கறிவேப்பிலைக்கு ஊற்றலாம்.