மோட்டார் வண்டியில் இன்னிசை

மாலைப் பொழுதிலே பேராதனை வீதியில் வாகனங்கள் ஆமைபோல் ஊர்ந்து செல்வதைக் கண்டிவாசிகள் நன்கறிவர். அவ்வேளை அலுப்பைத் தீர்க்கும் அருமருந்து இசையே. 1930ஆம் ஆண்டிலே அமெரிக்காவின் கல்வின் சகோதரர்கள் மோட்டரோலா என்னும் பெயரில் வாகன வானொலியை விற்பனைக்குக் கொணர்ந்தனர். அன்று வேரூன்றிய வழக்கம் இன்று எல்லா வண்டிகளிலும் பரவிவிட்டது. ஆயினும், அம்பிளிபயரும் ஸ்பீக்கரும் வாங்கச் செல்வோருட் பலர், பெட்டியின்மேல் அச்சிட்ட பெரிய எண்ணைக் கண்டு மயங்கிவிடுகின்றனர். அவ்வெண்ணின் உண்மைப் பொருளை ஈண்டு ஆராய்வோம்.

“50 உவாற்று” என்று ரேடியோப் பெட்டி பறைசாற்றுகின்றது. மாணவர்கள் ஒரு சிறு கணக்கைச் செய்து பார்க்கலாம். எஞ்சின் இயங்கும்போது வண்டியிற் கிடைக்கும் மின்னழுத்தம் ஏறத்தாழ 14 உவோல்ற்று. ஸ்பீக்கரின் தடை பெரும்பாலும் 4 ஓம். ஒலி அலையாகச் செல்வதனால், 14ஐ 14ஆற் பெருக்கி, தடையின் இருமடங்காகிய 8ஆல் வகுத்தல் வேண்டும். விடை 24.5. எனவே, இழப்புச் சிறிதும் இல்லையெனினும், ரேடியோவினுள் உள்ள அம்பிளிபயர் ஒரு ஸ்பீக்கருக்குத் தெளிவாகத் தரக்கூடியது 25 உவாற்றுக்கு உட்பட்டதே. 50 என்பது கணநேர உச்சத்தைக் காட்டும் எண். ஆதலின், ஆர்.எம்.எஸ். என்று குறித்துள்ள தொடர்வலு எண்ணையே நாம் நோக்குதல் வேண்டும்.

இச்சிறு வலு போதுமோ என்று ஐயுற வேண்டா. ஸ்பீக்கரின் விபரத்தாளில் உணர்திறன் என்றோர் எண் உண்டு. அது 90 டெசிபல் எனின், ஓர் உவாற்றைக் கொண்டே ஒரு மீற்றர் தொலைவில் அவ்வளவு ஒலியைத் தரும் என்பது பொருள். ஓடும் வண்டியின் இரைச்சலோ ஏறத்தாழ 70 டெசிபல்தான். 87 டெசிபல் ஸ்பீக்கர் அதே ஒலியைத் தர இருமடங்கு வலு வேண்டும். எனவே, உவாற்றைப் பெருக்குவதினும் உணர்திறன் மிக்க ஸ்பீக்கரைத் தேர்தல் சிக்கனமாம்.

பின் எப்போது தனி அம்பிளிபயர் வேண்டும்? தவிலின் தொப்பி போன்ற தாழ்ந்த ஒலிகளை நிறைவாகக் கேட்க விரும்பிச் சப்-வூபர் பொருத்துவோர்க்கு அது இன்றியமையாதது. அப்போது மூன்றைக் கவனிக்க. முதலாவது, இரண்டின் தொடர்வலுவும் ஏறக்குறைய ஒத்திருத்தல் வேண்டும். இரண்டாவது, 4 ஓம் ஸ்பீக்கர்கள் இரண்டைச் சமாந்தரமாக இணைத்தால் தடை 2 ஓம் ஆகும்; அதனைத் தாங்காத அம்பிளிபயர் கொதித்துக் கெடும். மூன்றாவது, 400 உவாற்றுத் தரும் கருவி, திறன் 80 வீதமாயினும், 35 அம்பியருக்கு மேல் மின்னோட்டத்தை இழுக்கும். மெல்லிய வயர் அதனைத் தாங்காது சூடேறித் தீப்பற்றவும் கூடும். தடித்த வயரும், பற்றறிக்கு அண்மையில், ஒன்றரை அடிக்குள், தக்க உருகியும் வைத்தல் கட்டாயம்.

இனிச் செவியின் கணக்கு. வாரத்தில் 40 மணி நேரம் கேட்பதாயின் 80 டெசிபலை மீறலாகாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. 90 டெசிபலாயின் 4 மணி நேரமே தகும். அவ்வளவு ஒலிக்கு ஓர் உவாற்றே போதுமென மேலே கண்டோம் அன்றோ? பின்னிருக்கையிற் சிறுவர் அமரும் வண்டியில் பின் ஸ்பீக்கர்களின் ஒலியைத் தாழ்த்தி, முன்கதவு ஸ்பீக்கர்களையே தரமாக வாங்குக.

இஃது உயிரோடு தொடர்புடைய செய்தியுமாம். கடுகண்ணாவை ஏற்றத்திலும், கண்டி–மகியங்கனை வீதியின் வளைவுகளிலும், எதிரே வரும் வாகனத்தைக் கண்ணாற் காணுமுன் அதன் ஹோர்ன் ஒலியைக் காதாற் கேட்க நேரும். அவ்வொலியை விழுங்கும் இசை எத்துணை இனிதாயினும் ஏற்றதன்று.

ஆதலின், கடைக்குச் செல்லும்போது நீங்கள் நன்கறிந்த ஒரு பாட்டை உடன் கொண்டு செல்லுங்கள். மெல்லிய ஒலியில் அதனைக் கேளுங்கள். சொல் ஒவ்வொன்றும் தெளிவாய் விளங்குமாயின், அதுவே உங்கள் குடும்பத்திற்கு உகந்த கருவி.